துலாம் ராசிக்காரர் பேரில் ஒரு லொறி

அழகமுத்து லொறி வாங்கப் போகிறார் என்ற செய்தி, அவருடைய மனைவி புஷ்பத்துக்குத் தெரிவதற்கு முன்பே மேல் லயத்து வீட்டு வரிசைக்கே தெரிந்துவிட்டது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பெல்மதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் செய்தி, குழாய்த் தண்ணீரைவிட ஒழுங்காக வரும். தண்ணீராவது சில நாள் நிற்கும்.

அழகமுத்துவுக்குத் தொழில் கதிரை வாடகை. கல்யாணம், சடங்கு, கருமாதி எதுவானாலும் பிளாஸ்டிக் கதிரையும் தகரப் பந்தலும் அவரிடமிருந்துதான் போகும். கதிரை சொந்தம், ஏற்றிப் போகிற வண்டி மட்டும் அடுத்தவருடையது. அந்த அடுத்தவர் நல்ல மனநிலையில் இருந்தால் வருவார். போன வைகாசியில் கீழ் டிவிஷன் கல்யாணத்துக்குக் கதிரைகள் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையும் பெண்ணும் மறுவீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். விருந்தாளிகள் கொழுந்துச் சாக்கை விரித்து உட்கார்ந்து சாப்பிட்ட கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. அழகமுத்து மட்டும் சிரிப்பதில்லை.

ஆகவே லொறி. கொடகவெலையில் மொத்தக் கடை வைத்திருக்கும் றம்ஸான் நானா தன்னுடைய சின்ன லொறியைக் கொடுத்துவிடப் போவதாகக் காதில் விழ, அழகமுத்து அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டார். பட்டா லொறி என்று ஊரில் சொல்கிற ரகம்: முன்னால் இரண்டு பேர், பின்னால் உலகம். பேரம் பெரிதாக நடக்கவில்லை. றம்ஸான் நானா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"வண்டியத் தாரன். ஆனா தொறந்த பேப்பர் கதை மட்டும் எனக்கு வேணாம், தம்பி."

தொறந்த பேப்பர் என்றால், விற்பவர் கையெழுத்தைப் போட்டு, வாங்குபவர் பேர் எழுதுகிற இடத்தை வெறுமனே விட்டுக் கொடுப்பது. வாங்கியவர் அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார், அவர் அடுத்தவருக்கு. வண்டி மாகாணம் மாகாணமாகச் சுற்றும். பதிவுப் புத்தகத்தில் மட்டும் முதல் மனிதர் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

"முந்தி ஒரு மோட்டர் சைக்கிள அப்பிடித்தான் குடுத்தன். எத்தின கை மாறிச்சோ, எனக்குத் தெரியா. ஒரு நாள் விடிய பொலிஸ் என்ட வாசல்ல. என்ட பேர்ல ஈக்கிற பைக்ல யாரோ களவா வடிச்ச கசிப்பு ஏத்திட்டுப் போயிருக்கான். நான் பள்ளிவாசல் நிர்வாகத்துல ஈக்கிற மனிசன். சாராய வாசம் கூட தெரியாத எனக்குக் கசிப்புக் கேஸ். பேர் மாத்துற ரெத்தினபுரி மோட்டர் கந்தோருக்கு நானே வாறன். என்ட கண்ணுக்கு முன்னால பேர் எழுதணும். ஆர்ட பேருக்கு எண்டு மட்டும் முடிவு பண்ணிட்டு வாங்க."

"அதுல என்ன நானா முடிவு பண்ண இருக்கு," என்று அழகமுத்து சிரித்தார்.

பாவம். அவருக்குத் தன் வீட்டைப் பற்றி இன்னும் முழுதாகத் தெரியவில்லை.

புஷ்பம் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்பவள். கொழுந்துக்குப் போகிற தாய்மார் விட்டுப்போகும் பிள்ளைகளை ஒரே அதட்டலில் தூங்கவைக்கக்கூடியவள். அப்படிப்பட்டவள் பயப்படுகிற ஒரே ஆள் சனீஸ்வரன். வீட்டுக்கு ஒரு கிரைண்டர் வாங்கினாலும் கோயில் ஐயரிடம் கேட்டுவிட்டுத்தான் வயரைச் செருகுவாள். நாலு சக்கரத்தோடு ஓடுகிற இரும்பை அப்படியே விட்டுவிடுவாளா? வீட்டிலிருந்த ஜாதகங்களை எல்லாம் மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டவில்லை. இப்போதெல்லாம் அவருக்கு எல்லாம் போனில்தான். விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒங்க வீட்டுக்காரரு சிம்மம். அட்டமத்துச் சனி. அவரு பேருல வண்டி வேணாம்மா."

"அப்ப என் பேருல?"

"நீங்க மீனம். ஜென்மச் சனி தலையில ஒக்காந்திருக்கான்."

"கொழும்புல இருக்கிற மகன் பேருல?"

"மேஷம். விரயச் சனி. வண்டிய வாங்கி வீட்டுக்கு வர்றதுக்குள்ள விரயம்."

மூன்று பேர் உள்ள வீட்டில் மூன்று பேரையும் சனி வளைத்துவிட்டிருந்தது. புஷ்பம் துணிக்குள் கையை விட்டாள். அடியில் இன்னொரு ஜாதகம் இருந்தது. தங்கை நிரோஷாவின் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்தபோது வாங்கி வைத்தது; தங்கை புருஷன் சுரேந்திரனுடையது. ஐயர் முகம் மலர்ந்தது.

"துலாம். ஆறாமிடத்துச் சனி. அடி தூள். இந்தப் பேருல எடுத்தா வண்டி தங்கமா ஓடும்."

அழகமுத்துவிடம் சொன்னபோது அவர் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என் லொறிக்கு என் சகலை பேரா?"

"பேருதானே அவருது. ஓட்டப்போறது நீங்க. அட்டமத்துல ஒங்க அண்ணன் பைக் எடுத்து, கால ஒடச்சிக்கிட்டு கெடந்தது மறந்துபோச்சா?"

"அவன் குடிச்சிட்டு ஓட்டினான், புள்ள."

"குடிக்கவச்சது யாரு? சனிதான்."

அழகமுத்து கையைக் கழுவினார்.

சுரேந்திரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெல்மதுளைச் சந்தியில் போன் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர்தான், கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அவருக்கு ஒரு மாலையைப் போட்டால் அதைக் கழற்றுவதற்குள் தேர்தலில் நின்றுவிடுவார். புஷ்பம் போய் விஷயத்தைச் சொன்னதும் தலையைக் குனிந்து, "அக்கா கேட்டா நான் மாட்டேன்னு சொல்லுவேனா," என்றார். அன்று மாலையே சந்தியிலிருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது: சுரேந்திரன் லொறி எடுக்கிறார்.

முன்பணம் கொடுத்த கையோடு கோயில் பூசைக்காக றம்ஸான் நானா தானே லொறியை ஓட்டி வந்தார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஐயர் தட்டைக் கையில் எடுத்து, "யார் பேருக்கு அர்ச்சனை?" என்றார்.

சுரேந்திரன் முன்னால் வந்தார். வெள்ளைச் சட்டை, தங்கக் கலர்க் கரை வேட்டி, பக்கத்து டிவிஷன் வரைக்கும் மணக்கிற சென்ட். அவருடைய பேர், ராசி, நட்சத்திரம் எல்லாம் சொல்லி அர்ச்சனை நடந்தது. மாலை அவர் கழுத்துக்கு, தேங்காய் மூடி நிரோஷா கைக்கு. கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அழகமுத்து. கோயில் வாசல் மரத்தடியில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த றம்ஸான் நானா குழம்பிப்போய்ப் பக்கத்தில் நின்றவரிடம், "லொறி எடுக்கிறது இவரா அவரா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவருக்குக் கதையை முழுதாகச் சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு வேறு எப்போது கிடைக்கும்? நானா இரண்டாவது பிளேன்டீ கேட்டு வாங்கி உட்கார்ந்து கேட்டார்.

பூசை முடிந்ததும் சுரேந்திரன் கடையில் வெட்டிக் கொண்டுவந்திருந்த ஸ்டிக்கரை முன் கண்ணாடியில் ஒட்டப் போனார். 'சுரேன் ட்ரான்ஸ்போர்ட்.' "இன்னும் என்ட பேர்ல ஈக்கி, தம்பி. கந்தோருக்குப் போய்ட்டு ஒட்டுவமே," என்று றம்ஸான் நானா தன்மையாகச் சொன்னதால் கண்ணாடி அன்றைக்குத் தப்பியது. லொறியை அவரே திரும்ப ஓட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை குழாயடியில் நிரோஷாவைச் சுற்றிக் கூட்டம்.

"எங்க லொறி வந்தோடன மொதல்ல கதிர்காமம் போறோம்," என்றாள் நிரோஷா.

"லொறி அக்கா வீட்டோடது இல்லையா?" என்று ஒருத்தி, ஒன்றும் தெரியாதவள் மாதிரி, திரியைத் தூண்டிவிட்டாள்.

"ஓட்டுறது மச்சான். புஸ்தகம் எங்க வீட்டுக்காரரு பேருல. கார் வச்சிருக்கிற தொரமாருங்க எல்லாம் அவங்களேயா ஓட்டுறாங்க?"

குடத்தோடு வந்த புஷ்பம் அதைக் கேட்டாள். கேட்காத மாதிரி குடத்தை வைத்தாள். குடம் வைத்த சத்தம் மட்டும் நாலு வீடு தாண்டிக் கேட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாய் வரத் தொடங்கியது. சுரேந்திரனின் கடைக் கண்ணாடி அலுமாரியை ஏற்ற லொறி வேண்டும். சுரேந்திரனின் கூட்டாளி வீட்டு மணலுக்கு லொறி வேண்டும். வராத லொறிக்கே முன்பதிவு. "மச்சான், கதிரை ஏத்துற நாள் எல்லாம் எங்ககிட்ட மொதல்லயே சொல்லிருங்க, அப்பத்தான் நாங்க மத்த வேலைய பாத்துக்குவோம்," என்று நிரோஷா அழகமுத்துவிடம் சொன்னாள். அழகமுத்து வாயைத் திறக்கவில்லை. அவர் திறக்காததுதான் புஷ்பத்துக்கு உறுத்தியது. சண்டை போட்டிருந்தால் இவளும் பதிலுக்குச் சனியை இழுத்துப் பேசிச் சமாளித்திருப்பாள். அவரோ கதிரைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே இருந்தார்.

இன்சூரன்ஸ் விசாரிக்க நாலு பேரும் சேர்ந்து பெல்மதுளைக்குப் போனார்கள். கந்தோரில் நஸ்லின் என்ற பிள்ளை இருந்தது. கண்ணாடி போட்ட, சுறுசுறுப்பான பிள்ளை. கேள்விகளை வரிசையாகக் கேட்டது.

"ஓனர் யாரு?"

"நான்," என்றார் சுரேந்திரன்.

"ஓட்டுறது?"

"நான்," என்றார் அழகமுத்து.

"என்ன வேலைக்கு?"

"கதிரை ஏத்த," என்றாள் புஷ்பம். "ஹயரும் ஓடுவோம்," என்றாள் நிரோஷா.

நஸ்லின் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாலு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தது.

"சரி. ஃபுல் இன்சூரன்ஸா, தேர்ட் பார்ட்டியா? தேர்ட் பார்ட்டின்னா நீங்க யாரையாவது இடிச்சா அவங்களுக்குத்தான் கெடைக்கும். ஒங்க லொறிக்கு ஒண்ணும் கெடைக்காது. ஃபுல்னா ரெண்டுக்கும்."

"ஃபுல்லா போடுவோம்," என்றார் அழகமுத்து. "நம்ம டிவிஷன் ரோட்டப் பாத்தா ஃபுல்லும் பத்தாது."

"தேர்ட் பார்ட்டி போதும்ண்ணே," என்றார் சுரேந்திரன். "நீங்க நல்லாத்தானே ஓட்டுறீங்க."

"அதுக்கில்ல தம்பி..."

"கையெழுத்துப் போடப்போறது நான் தானேண்ணே. நான் பாத்துக்கிறேன்."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் மோசம். புஷ்பம் கதிரையை இழுத்து மேசைக்குக் கிட்டப் போட்டாள்.

"மகள், லொறிக்கு ஏதும் ஆச்சுன்னா அந்தக் காசு யாருக்கு வரும்?"

"புத்தகத்துல யார் பேரு இருக்கோ அவருக்கு, ஆன்ட்டி."

"வாங்கினது நாங்கன்னு தோட்டத்துக்கே தெரியுமே."

"தோட்டத்துக்குத் தெரிஞ்சா போதாதே. நாளைக்கு அவரு லொறிய வித்தாலும் நீங்க ஒண்ணும் கேக்க ஏலாது."

"இல்ல, மகள். எங்க வீட்டுல எல்லாருக்கும் சனி. அவருக்குத்தான் துலாம் ராசி. அதனாலதான்..."

நஸ்லின் சிரிக்கவில்லை. நல்ல வளர்ப்பு. "ஆன்ட்டி, எங்க கம்பனிக்கு ராசி தெரியாது. பேரு மட்டும்தான் தெரியும்," என்றது.

அந்த வாரம் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளுக்கு அதட்டல் கிடைக்கவில்லை. புஷ்பம் தொட்டில் சேலையை ஆட்டியபடியே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் சனி; மறுபக்கம் தங்கச்சி. லொறி போய்விட்டால் புருஷன் மறுபடியும் அடுத்தவர் வண்டிக்குக் காத்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த அடுத்தவர் இப்போது சொந்தக்காரராகவும் இருப்பார். ஐயரிடம் திரும்பப் போய்ப் பரிகாரம் கேட்டாள். எள் விளக்கு ஏற்றச் சொன்னார். ஏற்றினாள். நட்சத்திரம் மாறவில்லை, தங்கையும் மாறவில்லை.

பேர் மாற்றுகிற நாள் வந்தது. இரத்தினபுரிக்குப் போகிற பஸ்ஸில் ஆண்கள் இரண்டு பேரும் போனால் போதும் என்றிருந்தது. புஷ்பம் ஹேண்ட்பேக்கை மாட்டிக்கொண்டு வந்து ஏறியபோது அழகமுத்து ஏன் என்று கேட்கவில்லை. சுரேந்திரன் கேட்டார்.

"அக்கா எதுக்கு? அங்க ஒரே சனமா இருக்கும்."

"இரத்தினபுரி பாத்து ரொம்ப நாளாச்சு, தம்பி."

மோட்டர் கந்தோரில் றம்ஸான் நானா முன்னாலேயே வந்து லொறியை மரத்தடியில் நிறுத்திவிட்டு, பேப்பர்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அவர்களுடைய முறை வந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த உத்தியோகத்தர் பத்திரங்களைப் புரட்டினார். விற்பவர் கையெழுத்து இருக்கிறது. எஞ்சின் இலக்கம், செஸி இலக்கம் சரி. வாங்குபவர் இடம் காலி. கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அயித்திகாரயா கவுத?"

சொந்தக்காரர் யார் என்று கேட்கிறார். சுரேந்திரன் சட்டைக் கொலரைச் சரிசெய்தார். கொலர் ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது. அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது.

"மமய் மாத்தயா," என்றாள் புஷ்பம். நான்தான், ஐயா.

சொல்லிவிட்டு அடையாள அட்டையை ஜன்னலுக்குள் தள்ளினாள்.

சுரேந்திரன் காதருகே குனிந்தார். "அக்கா, என்ன இது? ஒங்களுக்கு ஜென்மச் சனி."

"இருக்கட்டும் தம்பி. சனி ரெண்டரை வருஷத்துல போயிரும். புஸ்தகத்துல எழுதின பேரு போகாது."

"ஒங்களுக்கு ஏதும் ஒண்ணு ஆச்சுன்னா?"

"எனக்கு ஆனா எனக்குத்தானே. நான் லொறி ஓட்டப் போறதில்ல. வீட்டுல இருக்கிற ஆள சனி என்ன பண்ணிருவான், காய்ச்சல் குடுப்பான்."

உத்தியோகத்தருக்கு இந்த உரையாடலில் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அட்டையில் இருந்த பேரைப் பார்த்து எழுதத் தொடங்கிவிட்டார். றம்ஸான் நானா கழுத்தை நீட்டி ஒவ்வொரு எழுத்தாகக் கண்காணித்தார். கடைசி எழுத்து முடிந்ததும் பெருமூச்சு விட்டு, "அல்ஹம்துலில்லாஹ். இனி கசிப்பு ஏத்தினாலும் ஒங்களத்தான் தேடி வருவாங்க, தங்கச்சி," என்றார்.

அழகமுத்து வெளியே வந்து லொறியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். சொந்தப் பேரில் எழுதவேண்டும் என்று அவருக்கும் ஆசை இல்லாமலா இருந்திருக்கும்? மனைவியைப் பார்த்து, "அப்ப நான் இனி ஒன் டிரைவரா?" என்றார்.

"சம்பளம் கேக்காட்டி வச்சிக்கிறேன்," என்றாள் புஷ்பம்.

இன்சூரன்ஸ் கந்தோரில் நஸ்லின், "ஓனர் யாரு?" என்று மறுபடி கேட்டது. இந்த முறை ஒரே ஒரு குரல்தான் வந்தது. ஃபுல் இன்சூரன்ஸ். நாலு பக்கமும் லொறியைப் படம் எடுத்தார்கள். ஓனரையும் பக்கத்தில் நிற்கவைத்து ஒரு படம் எடுக்கச் சொல்லி ஓனரே கேட்டாள். அது இன்சூரன்ஸுக்குத் தேவையில்லை என்று நஸ்லின் சொல்லவில்லை. புகைப் பரிசோதனை முடிந்து வரி லைசனும் எடுத்து முன் கண்ணாடியில் ஒட்டியாயிற்று. கண்ணாடியில் வேறு எதற்கும் இடமில்லை என்று அழகமுத்து சொல்லிக்கொண்டார். நிறைய இடம் இருந்தது.

நிரோஷா அக்காவோடு பேசவில்லை. சாடையாகப் பேசினாள், குழாயடிதான் இருக்கிறதே. புஷ்பம் தும்மினால், "சனி," என்றாள். புஷ்பத்தின் பாற்சோறு அடிப்பிடித்த வாசம் வந்தால், "ஜென்மச் சனி," என்றாள். லயமே புஷ்பத்துக்கு என்ன ஆகுமோ என்று கவலையோடும் கொஞ்சம் ஆசையோடும் காத்திருந்தது. ஒரு நாள் லொறியைப் பின்னால் எடுக்கையில் அழகமுத்து பலாமரத்தில் மோதிப் பின் விளக்கை நொறுக்கினார். மரத்துக்கு ஒன்றுமில்லை. இன்சூரன்ஸ்காரர் வந்து படம் எடுத்துக்கொண்டு போய்ப் புது விளக்கு போட வழிசெய்தார். "தேர்ட் பார்ட்டியா இருந்தா அந்தப் பலாமரத்துக்குத்தான் குடுத்திருப்பாங்க," என்று புஷ்பம் தண்ணீர் பிடிக்க வந்த எல்லோரிடமும் விளக்கம் சொன்னாள். சந்தோசத்தில் ஒரு சுற்றுப் பருத்திருந்தாள் என்று கேள்வி.

சண்டை எத்தனை நாள்தான் நிற்கும்? சுரேந்திரனின் கூடப்பிறந்தவள் வீட்டில் விசேஷம், ரம்புக்கனையில். அங்கே கதிரைக்கு ஆள் கிடைக்கவில்லை. நிரோஷா சேலை முந்தானையைத் திருகிக்கொண்டு அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, லொறி வேணும்."

"டிரைவர்கிட்ட கேளு."

"அவரு ஓனர்கிட்ட கேக்கச் சொன்னாரு."

புஷ்பம் யோசிக்கிற மாதிரி நின்றாள். யோசிக்க ஒன்றுமில்லை, ஆனாலும் அந்த நிற்பை அவள் சீக்கிரம் விட்டுவிடத் தயாராக இல்லை. கடைசியில், "பெட்டியக் கட்டு. நானும் வாறேன்," என்றாள்.

முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். அழகமுத்து ஸ்டியரிங்கில். மற்ற இடத்தில் அக்காவும் தங்கையும் ஒருவர் மடியில் ஒருவர் மாதிரி நெருக்கி உட்கார்ந்து, பெல்மதுளைச் சந்தி வருவதற்குள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பின்னால் கதிரைகள் சரியாமல் பிடித்துக்கொண்டு சுரேந்திரன் நின்றார். தன் கடையைத் தாண்டும்போது சந்தியிலிருந்தவர்கள் வேடிக்கை பார்த்ததைக் கண்டு, ஒரு கையால் கதிரையைப் பிடித்தபடி மறு கையை உயர்த்திக் கும்பிட்டார். பார்த்தவர்கள் பதிலுக்குக் கையசைத்தார்கள். அவருக்கு ஆறாமிடத்துச் சனி. எங்கே நின்றாலும் யோகம்தான்.